பாஸ்கோ கிழித்த பக்கம்

"நம்ம மானத்தையே வாங்கிட்டாரு மனுஷன்!"

காலைத் தேநீருக்குக் கூடியிருந்த அத்தனை பேர் முன்னாலும் ப்ரான்வின் போனை மேஜையில் வீசினார். லாமிங்டன் கேக்கை எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது எங்களுக்கு.

ப்ரான்வின் எங்கள் மருந்தியல் துறைத் தலைவர். அவர் திட்டியது பேராசிரியர் டெஸ் பாஸ்கோவை. நாளை மறுநாள் அடிலெய்ட் நகர மண்டபத்தில் பாஸ்கோவுக்குத் தங்கப் பதக்கம். குழந்தைகளுக்கு வலிப்பு மருந்தை எவ்வளவு கொடுப்பது என்று இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் அவர் எழுதிய ஒரே ஒரு கட்டுரையை, உலகம் முழுக்க மூவாயிரத்துச் சொச்சம் கட்டுரைகள் மேற்கோள் காட்டியிருக்கின்றன. அதற்குத்தான் பதக்கம்.

இன்று காலை அந்தக் கட்டுரையை அவரே திரும்பப் பெற்றுவிட்டார்.

"என்ன தப்பாம்?" என்றார் ஆய்வுக்கூடப் பொறுப்பாளர் நெவில்.

"மருந்தை அதோட இணைஞ்சிருக்கிற உப்போட சேர்த்து எடை போட்டுட்டு, உப்போட எடையைக் கழிக்கலையாம். முதல் வருஷப் பசங்க இதைச் செஞ்சா நான் முட்டை மார்க் போடுவேன்!"

தூக்கிவாரிப் போட்டது. அப்படியானால் இருபத்திரண்டு வருஷமாகக் குழந்தைகளுக்கு மருந்து குறைவாகப் போயிருக்கிறதா?

அந்த நேரம் பார்த்து பாஸ்கோவே உள்ளே வந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"ஆஸ்பத்திரிக்கெல்லாம் போன் பண்ணிட்டேன், ப்ரான். நேத்துலேர்ந்து சரியான அளவு குடுக்கறாங்க."

"இத்தனை வருஷம் கழிச்சு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"பதக்க விழாவுல காட்டலாம்னு பழைய நோட்டை எடுத்தேன். கணக்கைப் பார்த்ததும் நெஞ்சே அடைச்சுப்போச்சு."

"அந்த நோட்டைக் குடுங்க. விசாரணைக்கு வேணும்."

"நோட்டு இருக்கு. அந்தப் பக்கம் இல்லை. கிழிச்சுட்டேன்."

எங்கள் தொழிலில் தப்பான எண்ணை ஒற்றைக் கோடு போட்டு அடிக்கலாம். அழிக்கக் கூடாது. பக்கத்தைக் கிழிப்பது கொலைக்குச் சமம்.

"கிழிச்சீங்களா?" ப்ரான்வின் குரல் கிறீச்சிட்டது. "எனக்குச் சொல்லிக்குடுத்ததே நீங்கதானே, டெஸ்! எதை மூடி மறைக்கறீங்க?"

"கட்டுரையில என் பேர் மட்டும்தான் இருக்கு. தப்பும் என்னுதுதான். எழுதிக் குடுத்துட்டேன். அப்புறம் அந்தப் பக்கம் எதுக்கு?"

"நல்லவேளை, என் பேர் அதுல இல்லை! அப்ப அவரோட மாணவியா, அந்த ஆய்வுக்காக ஒரு கோடை முழுக்க மாடு மாதிரி உழைச்சேன். கடைசியில ஒரு வரி நன்றியோட நிறுத்திட்டாரேன்னு எத்தனை வருஷம் பொருமியிருக்கேன் தெரியுமா? இப்ப அதுக்குச் சந்தோஷப்படறேன்."

பாஸ்கோ தலையைக் குனிந்துகொண்டார். பாவம், குற்றம் செய்த மனசு குறுகுறுக்கிறது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். வெட்கமாக இருக்கிறது, நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நெவில் தொண்டையைச் செருமினார். "அந்தக் காலத்து நோட்டுல பக்கத்துக்குப் பக்கம் கார்பன் தாள் வெச்சிருப்பாங்க. நகலெல்லாம் கீழ்த்தள அலமாரியில கிடக்கு."

பாஸ்கோ முகம் வெளுத்தது. "வேண்டாம், ப்ரான். விட்டுடு. பதக்கத்தைப் பிடுங்கிக்கோ, என் அறையைக் காலி பண்ணச் சொல்லு. அதை மட்டும் எடுக்காதே."

"பயமா இருக்கா? நெவில், உடனே போய் எடுத்துட்டு வாங்க!"

டீ ஆறிப்போனது. ஒருவரும் இடத்தை விட்டு அசையவில்லை. கால் மணி நேரத்தில் நெவில், நீல எழுத்து மங்கிய ஒரு தாளோடு மூச்சிரைக்க வந்து நின்றார்.

"படிங்க. எல்லாரும் கேட்கட்டும்."

"மருந்து, நூறு மில்லிகிராம். உப்புக்காகக் கழித்தது... ஒண்ணுமில்லை."

"கேட்டீங்களா? கீழே கையெழுத்தையும் படிங்க!"

நெவில் தாளைப் பார்த்தார். பாஸ்கோவைப் பார்த்தார். பாஸ்கோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சத்தமாப் படிங்கன்னு சொல்றேன்ல!"

"எடை போட்டது, கணக்குப் போட்டது..." நெவில் தாளை மேஜையில் வைத்தார். "நீங்கதான், ப்ரான்வின்."