அரைச் செங்கல்

லாட்ஜ் வரவேற்பறையின் ஈரத்தரையில் காலை வெயில் பளபளக்கிறது. தீயணைப்பு சிலிண்டர் உருண்டு கிடக்கிறது. ஆயுத பூஜைக்கு மேனேஜர் தசரதன் வைத்த குங்குமப் பொட்டு அதில் இன்னும் அழியவில்லை. அதன் ஸ்டாண்டில் ஒரு கால் துருப்பிடித்து ஒடிந்தபோது, பௌர்ணமி கிரிவலக் கூட்டம் போகட்டும், அப்புறம் மாற்றலாம் என்று அரைச் செங்கல்லை வைத்து முட்டுக் கொடுத்தவரும் அவர்தான். அதன்பின் மூன்று பௌர்ணமி போய்விட்டது. தரை துடைக்கும் ஜோதியம்மாள் சுவரோரம் உட்கார்ந்து, வீங்கும் பாதத்தை இரு கைகளாலும் பிடித்திருக்கிறாள். "மாப்பு இடிச்சி விழுந்துடுச்சு சார். என் தப்புதான். மொதலாளிகிட்ட சொல்லிடாதீங்க." "சொல்லலம்மா, அழாதீங்க" என்கிறார் தசரதன். அவருடைய செருப்புக் கால் செங்கல்லை மெல்ல மேசைக்கு அடியில் தள்ளுகிறது. ஈரத்தரையில் அது போன வழியெல்லாம் சிவப்பாகக் கோடு விழுகிறது.