பின்பக்கம் நீண்ட கார்

"இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடியுங்கோ," என்றாள் மனைவி.

அவர் அளவுநாடாவின் ஒரு முனையைப் பிடித்தபடி விற்பனைக்கு நின்ற காரின் டிக்கிக்குள் குனிந்து நின்றார். அறுபத்துநாலு வயது முதுகு அதற்குமேல் வளைய மறுத்தது.

தொண்ணூற்றெட்டு சென்டிமீட்டர்.

அவள் கையில் ஒரு துண்டுக் காகிதம். அதில் மூன்று எண்கள். முதலாவதன் கீழே கோடு போட்டாள்.

வீட்டில் இருப்பது இரண்டு பேர். பழைய சின்னக் காரின் எஞ்சின் போய்விட்டது. அதே அளவில் இன்னொன்று போதும் என்றுதான் அவர் நினைத்திருந்தார். அவள்தான் எஸ்டேட் கார் வேண்டும் என்றாள். பின்பக்கம் நீண்டிருக்க வேண்டும், ஆனால் தெருவில் நிறுத்தச் சிரமமாக இருக்கக் கூடாது. லண்டனுக்கு வந்து முப்பத்தொரு வருடம். கார் விஷயத்தில் அவள் வாய் திறந்தது இதுதான் முதல் தடவை.

கோயில் அன்னதானத்துக்குச் சட்டி பானை ஏற்றவாக்கும் என்று நினைத்தார்.

கேட்கவில்லை. அந்த வீட்டில் கேட்பதும் சொல்வதும் நின்று மூன்று வருடமாகிறது.

மகள் தர்சிகா அந்தப் பெடியனைக் கூட்டிவந்த மாலையிலிருந்து.

நல்ல பெடியன். மருந்தாளராக வேலை. வந்ததும் சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக ஓரத்தில் வைத்தான். அவர் ஊரைக் கேட்டார். சொன்னான். ஊரில் எந்தக் குறிச்சி என்று கேட்டார்; குறிச்சி தெரிந்தால் சாதி தெரிந்துவிடும். மறைக்காமல் அதையும் சொன்னான்.

அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

இனி இந்த வாசல்படி மிதிக்க வேண்டாம் என்றார். மகளிடம்தான் சொன்னார். அவனைப் பார்க்கக்கூட இல்லை.

மனைவி குசினியில் நின்றாள். அவர்கள் போன பிறகு, சுட்டு வைத்திருந்த வடைகளை ஒவ்வொன்றாகக் குப்பைவாளியில் போட்டாள்.

கார்களை விற்கும் வெள்ளைக்காரப் பெண் பக்கத்தில் வந்தாள். துண்டுக் காகிதத்தை எட்டிப் பார்த்துச் சிரித்தாள். குழந்தையைத் தள்ளும் வண்டியா, மடித்து வைப்பதற்கா, என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

ஆம் என்றாள் மனைவி.

குழந்தைக்கு எத்தனை மாதம்?

ஒன்பது.

நாடாவின் முனை அவர் விரலிலிருந்து நழுவியது.

ஒன்பது மாதம். அவர் பின்னோக்கி எண்ணினார். மாசி.

மாசியில் அவள் நான்கு நாள் லெஸ்டருக்குப் போய் வந்தாள். ஒன்றுவிட்ட அக்காவுக்குச் சுகமில்லை என்றாள். போவதற்கு முன்பு வீடு முழுக்க மிளகும் மஞ்சளுமாகச் சரக்கு அரைத்த வாசம். அவர் யன்னலைத் திறந்துவிட்டார்.

அது பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற சரக்கு என்பது இப்போதுதான் உறைத்தது.

வெள்ளைக்காரப் பெண் அவர் பக்கம் திரும்பினாள். வழமையாக ஓட்டப்போவது நீங்கள்தானே என்றாள்.

அவர் வாய் திறக்கும் முன்பே மனைவி சொன்னாள்.

நான்.

கைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினாள். இளஞ்சிவப்பு நிறம். முழு லைசென்ஸ். மங்கல் இல்லாத, புது அட்டை.

முன்பொரு காலத்தில் இரண்டு முறை சோதனையில் தவறியபோது, உமக்கு இது சரிவராது என்று அவர்தான் அவளை நிறுத்தியவர். பிறகு யாரிடம் பழகினாள்? எந்தத் தெருக்களில்? பாஸ் பண்ணிய அன்று யாருக்குப் போன் எடுத்துச் சொன்னாள்?

ஒன்றும் தெரியாது.

ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார்கள். மனைவி ஸ்டியரிங்கைப் பிடித்தாள். அவளுக்குப் பக்கத்தில் வெள்ளைக்காரப் பெண். அவர் பின்னால்.

ஐந்து பேருக்கான கார். மனைவி, மகள், அந்தப் பெடியன், குழந்தை. விரல் விட்டு எண்ணினார். ஓர் இடம் மிஞ்சியது.

அது அவருக்கென்று யாரும் சொல்லவில்லை.

இருக்கையின் இடுக்கில் கை பட்டது. உள்ளே ஓர் இரும்பு வளையம். குழந்தைக் கதிரையை மாட்டுகிற இடம். அவர் கையை எடுத்துக்கொண்டார். கொஞ்சம் தள்ளி, கதவோரமாக உட்கார்ந்தார்.

அவள் நன்றாக ஓட்டினாள். வளைவில் அவசரப்படவில்லை. கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து ஓட்டினாள். அவரை மட்டும் பார்க்கவில்லை.

சந்தியில் சிவப்பு விளக்கு. கார் நின்றது.

"பெட்டையோ, பெடியனோ?"

அவருடைய குரல் அவருக்கே கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டது.

"பெட்டை."

வைப்பர் ஒருமுறை போய் வந்தது.

"உங்கட நெத்தி," என்றாள்.

அவர் வெளியே பார்த்தார். தூறல். நடைபாதையில் யாரோ ஒருத்தி குடை விரிக்க முடியாமல் போராடிக்கொண்டிருந்தாள். அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவளைக் கூப்பிட்டார்.

"ரஞ்சி."

மூன்று வருடமாக அவர் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"பிள்ளையைப் பார்க்கப் போகேக்கை எனக்கும் சொல்லும். நான் பின்னாலயே இருந்து வாறன்."

அவளுடைய தோள்கள் குலுங்கின. தமிழ் தெரியாத அந்தப் பெண் மெல்ல முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பின்னால் ஹார்ன் அடித்தார்கள். விளக்கு எப்போதோ மாறியிருந்தது.

கார் நகரவில்லை.