வெளியே உள்ள பட்டியல்

கூரியருக்குக் கட்டி வைத்திருந்த கவர்களில் ஒன்றை உருவியெடுத்து, மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, அப்பா சுடலைக்கண்ணன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எந்தக் கவர் என்று எட்டிப் பார்க்காமலே மாரிசெல்விக்குத் தெரிந்துவிட்டது.

உள்ளே இருப்பது அவளுடைய கல்யாணப் பத்திரிகை. ஆபீஸில் ஊராருக்கெல்லாம் டெம்ப்ளேட் எழுதுகிறவள், தன் கல்யாணத்துக்கு எழுத மாட்டாளா என்று அவளே உட்கார்ந்து செய்தது.

டெம்ப்ளேட் என்றால் பெரிய மந்திரமெல்லாம் இல்லை. பெயர் வர வேண்டிய இடத்தைக் காலியாக விட்டு வைத்தால், வெளியே இருக்கிற ஒரு பட்டியலிலிருந்து பெயர் வந்து அங்கே உட்கார்ந்துகொள்ளும். பத்திரிகைக்கும் அதே பட்டியல்தான், கவர் முகவரிக்கும் அதே பட்டியல்தான்.

பத்திரிகையில் அக்கா கலைச்செல்வியின் பெயர் வரக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மராத்திக்காரப் பையனைப் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டு போனவள். பெயரைப் போட்டால் தாராவி முழுக்க இருக்கும் சொந்தக்காரர்களுக்கு யார் பதில் சொல்வது? அவள் பேச்சை எடுத்தாலே அந்த வீட்டில் சாப்பாட்டுத் தட்டு பறக்கும்.

மாரிசெல்வி அப்பா சொல்லைத் தட்டவில்லை. அக்கா பெயரை நீக்கினாள். ஆனால் பத்திரிகைக்கான பகுதிக்குள் மட்டும் நீக்கினாள். அதற்குள் எதை மாற்றினாலும் அது அதோடு சரி, வெளியே உள்ள பட்டியலைத் தொடாது. கவர் அச்சடிக்கிற பகுதி மறுபடி பட்டியலைப் போய்ப் பார்த்தபோது அக்கா அங்கே பத்திரமாக இருந்தாள்.

தெரியாமல் நடந்ததா என்றால், இல்லை. சுத்தக் கள்ளத்தனம். அக்கா பக்கத்தில் நிற்காமல் தாலிக்குக் கழுத்தை நீட்ட அவளுக்கு மனசு வரவில்லை. அக்காவின் பழைய சிநேகிதியிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய முகவரி அது.

நாளைக் காலையில் கூரியருக்குப் போயிருந்தால் தப்பித்திருப்பாள். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அட்டைப்பெட்டி ஆர்டர் பார்க்க வழக்கம்போல வாஷிக்குக் கிளம்பி நின்ற மனுஷன், போகிற போக்கில் கவர் கட்டைப் புரட்டுவார் என்று யார் கண்டது?

"என்னட்டி இது? பேரை எடுக்கச் சொன்னேம்லா?"

"பத்திரிகைக்குள்ள எடுத்துட்டேன்ப்பா. உள்ள எடுத்தா வெளிய போயிராது. வெளிய உள்ள லிஸ்ட்ல அவ இருக்கத்தான் செய்வா." சொல்லி முடிப்பதற்குள் அழுகை முட்டிவிட்டது.

அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

மாரிசெல்வி கண்ணை மூடிக்கொண்டாள். கவரின் மேல் பேனா கீறும் சத்தம் கேட்டது. போச்சு, எல்லாம் போச்சு.

கண்ணைத் திறந்தால், பெயர் அப்படியே இருந்தது. வாஷிக்கு அடுத்த கோபர்கைரனே என்ற ஊர்ப் பெயரும் அப்படியே இருந்தது. அடிக்கப்பட்டிருந்தது ரூம் நம்பர் மட்டும். அதற்கு மேலே, அப்பாவின் கோணல் கையெழுத்தில் வேறொரு நம்பர்.

"இது பழைய ரூமு. உன் லிஸ்ட்லயும் மாத்திப் போடு."

கவரைக் கட்டுக்குள் திரும்ப வைப்பார் என்று பார்த்தாள். வைக்கவில்லை. மடங்காமல் தன் தோள்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"பெத்த பிள்ளைக்குக் கூரியர்லயா பத்திரிகை அனுப்புவாவ?"

செருப்பை மாட்டிக்கொண்டு, வழக்கம்போல வாஷி ரயிலைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை எந்தக் கம்பெனி திறந்திருக்கும் என்று இத்தனை வருஷமாக அந்த வீட்டில் ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை.