விலாவில் ஒரு பள்ளம்

சிற்பி கொதித்துப் போனார். மேசை மேல் வைக்கிற அளவுக்குச் சுருக்கிச் செய்த தன் வெண்கலச் சிற்பத்தின் நகலை எப்படித் திருப்பிப் பார்த்தாலும், விலாவில் இருக்க வேண்டிய அந்தப் பள்ளத்தைக் காணோம்.

"எங்கேய்யா பள்ளம்?"

"ஏதோ அடிபட்டிருக்குன்னு நினைச்சு, நிரவி வழவழன்னு ஆக்கிட்டோம் சார்," என்றார் நகல் கம்பெனி மேனேஜர்.

"அடியா? சிற்பத்தோட உயிரே அதுதான்யா. உலகம் பூரா அதைப் பத்திதான் பேசுது. அந்தப் பள்ளத்துக்காக எத்தனை ராத்திரி தூங்காம கிடந்தேன் தெரியுமா?"

பக்கத்தில் இருந்த மனைவிக்குத் தெரியும். அவர் தூங்காமல் கிடந்தது உண்மைதான். அவளையும் தூங்க விடவில்லை.

பள்ளத்தோடு வேறு நகல் செய்து தருவதாக மேனேஜர் கும்பிடு போட்ட பிறகுதான் சிற்பி எழுந்தார்.

வாசலில் அவள் கை நீட்டினாள். "சாவியைக் குடுங்க. இன்னைக்கு நான் ஓட்டுறேன்."

"நீயா?" சிற்பி சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "ரிவர்ஸ் எடுக்கிறேன்னு, பட்டறை வாசல்ல நின்ன சிற்பத்து மேல கொண்டுபோய் மோதினவ நீ. இந்த ஜென்மத்துல உன் கையில வண்டியைத் தர மாட்டேன்."

"உயிர் குடுத்தவளுக்கு ஒரு சாவி குடுக்கக் கூடாதாக்கும்," என்றபடி அவள் மறுபக்கக் கதவைத் திறந்தாள்.