தாழிட்டுப் பார்த்த அறை

தாழ்ப்பாளைப் போட்டாள். அதன்மேல் கை வைத்தாள். சிரித்தாள்.

கிளிக்.

சிரிப்பு சரியாக வரவில்லை. இன்னொன்று எடுத்தாள். பல் தெரியணும் என்று டீம் லீட் சொல்லி அனுப்பியிருந்தான். பயந்த மூஞ்சியைப் பார்த்து எவள் ரூம் போடுவாள்?

படத்தை ஏற்றினாள்.

செல்போனில் அந்த அறையின் படத்துக்குக் கீழே அவள் முகம் வந்து உட்கார்ந்தது. பக்கத்தில் பச்சை எழுத்து.

எங்கள் பெண் தாழிட்டுப் பார்த்த அறை.

இந்த ஒரு வரியை வைத்துத்தான் கம்பெனி வளர்ந்தது. லாட்ஜ் அவர்களுடையது இல்லை. கட்டில் அவர்களுடையது இல்லை. ஆப் மட்டும்தான். ஊருக்கு ஒரு பெண்ணைப் பிடித்து, கதவைத் தாழிடச் சொல்லி, சிரிக்கச் சொன்னார்கள். தனியாக வருகிற பெண்கள் நம்பினார்கள். அவர்களைப் பெற்றவர்கள் இன்னும் அதிகமாக நம்பினார்கள்.

அந்த வரியை யோசித்தவன் சென்னையில் ஒரு கண்ணாடி அறையில் இருக்கிறான்.

அந்த அறைக்குத் தாழ்ப்பாளே கிடையாது.

கட்டிலில் கிடந்த வெள்ளை விரிப்பை உருவி மடிக்கத் தொடங்கினாள். அது கம்பெனியுடையது. எல்லா லாட்ஜுக்கும் அதே ஒன்றுதான். படம் எடுத்து முடிந்ததும் அவள் பைக்குள் போய்விடும்.

முதுகுக்குப் பின்னால் கதவு திறந்தது.

திரும்பினாள்.

லாட்ஜ் மானேஜர். கையில் டீ.

தாழ்ப்பாள் போட்டிருந்தேனே.

போட்டுத்தான் இருந்தது. தாழ்ப்பாள் போய் நுழைகிற இரும்பு வளையம், நிலையிலிருந்து ஸ்க்ரூவோடு கழன்று, கதவோடு கூடவே வந்திருந்தது. ஒரு சத்தம் இல்லை.

"அது அப்படித்தான் மேடம். லேசா தள்ளுனா போதும்."

டீயை ஜன்னலில் வைத்தார். தாழ்ப்பாளை விலக்கி, வளையத்தைப் பழைய ஓட்டைகளில் பொருத்தி, கட்டைவிரலால் அமுக்கினார். உட்கார்ந்துகொண்டது. பார்த்தால் எதுவும் தெரியவில்லை.

லேசாக என்று இவருக்கு எப்படித் தெரியும்?

எத்தனை முறை தள்ளிப் பார்த்திருப்பார்?

டீயைத் தொடவில்லை. பையை மார்போடு பிடித்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள். டீம் லீடுக்கு அடித்தாள்.

"சார், அந்தப் படத்த எடுத்துடுங்க. தாழ்ப்பாள் நிக்கல. வெளியிலேருந்து தள்ளுனா திறக்குது."

"எம்மா, நாளைக்கு குரூப் ஃபோர் எக்ஸாம். விழுப்புரத்துல ஒரு ரூம் கெடையாது. நீ ஏத்துன நிமிஷமே புக் ஆயிடுச்சு, போய்ப் பாரு. கார்பெண்டர அப்புறம் வச்சுக்கலாம்."

"அப்புறம்னா எப்ப சார்?"

வைத்துவிட்டான்.

போனைப் பார்த்தாள்.

வெண்ணிலா. பெண். ஒரு நபர். ஓர் இரவு.

படிக்கட்டில் செருப்புச் சத்தம்.

முதலில் ஒரு பெண் ஏறி வந்தாள். தோளில் பை, கையில் ஹால் டிக்கெட். பின்னால் அவள் அப்பா. ஏடிஎம் வாட்ச்மேன் சட்டை.

"இந்தப் பொண்ணுதான்டீ! போட்டோவுல சிரிச்சிக்கினு நிக்குதே, இதேதான்!" அவர் முகமெல்லாம் வெளிச்சமாகிவிட்டது. "கீழ டீக்கடையில ஒக்காந்து தேடிக்கினே இருந்தோம்மா. ஒம் மூஞ்சியப் பாத்தப்புறந்தான் எனக்கு உசிரே வந்துச்சு. நைட் டூட்டி எனக்கு. இல்லன்னா இவள விட்டுட்டுப் போவேனா?"

அவள் வாயைத் திறந்தாள்.

மானேஜர் பக்கத்தில் வந்து நின்றார். சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டே அவளையே பார்த்தார்.

அவள் வீட்டில் கழுத்தில் ஐடி கார்டு தொங்கிய முதல் ஆள் அவள்தான்.

வாயை மூடிக்கொண்டாள்.

அப்பா படியிறங்கிப் போனார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவ்வளவு நிம்மதி.

வெண்ணிலா அறையை எட்டிப் பார்த்தாள். கட்டிலில் இப்போது கறை படிந்த மெத்தைதான் இருந்தது. போனில் இருந்த படத்தைப் பார்த்தாள். மறுபடி மெத்தையைப் பார்த்தாள்.

"பஸ் ஸ்டாண்டுல ஒக்காந்து கெடக்கறதுக்கு இது தேவல. இல்லக்கா?"



உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. நன்றாகக் கேட்டது. இரும்பு இரும்பில் போய்ச் சேரும் சத்தம். நல்ல, கெட்டியான சத்தம்.

மானேஜரும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். சாவிக்கொத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அவருக்குச் சாவி வேண்டியதில்லை.

"வாங்க மேடம். கீழ போலாம்."

அவள் போகவில்லை.

பைக்குள் போன் அடித்தது. அடுத்த லாட்ஜாக இருக்கும். அடிக்கட்டும்.

"மேடம்."

கதவில் ஒரு விரலை வைத்தாள்.

லேசாகத் தள்ளினாள்.

உள்ளே வெண்ணிலா நின்றிருந்தாள். ஒரு கையில் உயர்த்திப் பிடித்த போன், அப்பாவுக்குப் படம் அனுப்ப. இன்னொரு கை தாழ்ப்பாளின்மேல். பல் தெரியச் சிரித்திருந்தாள். அந்தச் சிரிப்பு முகத்தைவிட்டு இன்னும் போகவில்லை.

தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.