சிவப்பில் மாப்பிள்ளை பெயர்

சிங்கப்பூர் சிராங்கூன் சாலை மண்டபத்தின் வாசலில், மாக்கோலத்தின் நடுவே, மாப்பிள்ளையின் பெயர் கொரிய எழுத்தில் செக்கச்செவேலென்று கிடக்கிறது. பெண்ணின் அப்பா சிதம்பரநாதன் ஒரு வாரம் யூடியூப் பார்த்துப் பழகி, குங்குமத்தைக் குழைத்துத் தன் கையாலேயே எழுதியது. மங்கலத்தில் குறை வைக்கக்கூடாதென்று கூடுதல் சிவப்பு. நிச்சயதார்த்தத்துக்காகக் கொரியாவிலிருந்து வந்திருக்கும் மாப்பிள்ளையின் அம்மா, டாக்சியிலிருந்து இறங்கி அதை வாசிக்கிறார். சிரிப்பு பாதியில் நிற்கிறது. மகனின் கோட்டுக் கையை இறுகப் பிடித்துக்கொள்கிறார். டாக்சிக் கதவை அவர் இன்னும் சாத்தவில்லை. மேளக்காரர் மட்டும் விவரம் தெரியாமல் வாசிக்கிறார். தேக்கா பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வருகிறது.

"பேரு தப்பா இருக்காம்மா?" என்று மகளிடம் கேட்கிறார் சிதம்பரநாதன்.

"எழுத்தெல்லாம் கரெக்ட்தான்பா." ரக்ஷனா டாக்சிப் பக்கம் பார்த்துக்கொண்டே சொல்கிறாள். "செத்தவங்க பேரைத்தான் அவங்க சிவப்புல எழுதுவாங்க."

அவர் காலால் அழிக்கப் போகிறார். மாப்பிள்ளை பெயரை மிதிப்பதா என்று கால் அந்தரத்தில் நிற்கிறது. அதற்குள் அவர் மனைவி மதுரவல்லி, முகமெல்லாம் சிரிப்பாக, ஆரத்தித் தட்டோடு வெளியே வருகிறாள். மூன்று சுற்றுச் சுற்றி, சிவப்பு நீரில் விரலைத் தோய்த்து, மாப்பிள்ளையின் நெற்றியை நோக்கி நீட்டுகிறாள்.