மூச்சு தனியாகக் கேட்க வேண்டும்

மார்ச் எட்டாம் தேதி, சனிக்கிழமை பகல் பதினொன்றேகாலுக்கு, கடைவீதிக் கணினிக் கடையின் மாடியில், நில அளவையாளர் ஒன்பதாவது ஜோடி ஸ்பீக்கரையும் வேண்டாம் என்றார்.

"பாட்டு நல்லாத்தானே சார் கேக்குது?" என்றார் விற்பனையாளர்.

"பாட்டு யாருக்கு வேணும்? ஆள் மூச்சை இழுக்கறதும் விடறதும் தனித்தனியா கேக்கணும்."

"அடேயப்பா! அப்படி யார் சார் அது?"

"என் சம்சாரம். நானே ராத்திரி பூரா போனை வச்சுப் பதிவு பண்ணினேன். போட்டுக் காட்டினா, 'இது நானே இல்ல, உங்க ஓட்டை ஸ்பீக்கர் இரையுது'ன்னு சாதிக்கிறா."

"அம்மாவுக்குத் தன்னடக்கம் ஜாஸ்தி போல."

"தன்னடக்கமாவது, மண்ணாவது! இன்னைக்கு நிரூபிக்கலைன்னா இனிமே என் படுக்கை கூடத்துலதான்."

"கலைஞர்கள் வீட்டுல இதெல்லாம் சகஜம் சார்" என்று ஆறுதல் சொன்ன விற்பனையாளர், கடையிலேயே உசத்தியான ஜோடியை எடுத்துவந்தார்.

மாலை நான்கு மணிக்கு, நில அளவையாளர் வீட்டுக் கணினியின் இருபுறமும் ஸ்பீக்கர்களை வைத்து, மனைவியை எதிரே உட்காரவைத்து, பதிவை ஓடவிட்டார். சுவர் அதிரக் குறட்டை கேட்டது.

"இப்போ என்ன சொல்றே?" என்றார், மீசையைத் தடவிக்கொண்டு.

பதில் ஸ்பீக்கரிலிருந்து வந்தது. பழைய ஸ்பீக்கரில் வெறும் இரைச்சலாக இருந்த இடத்தில், குறட்டைக்கு நடுவே மனைவியின் குரல் துல்லியமாக ஒலித்தது: "ஏங்க, உங்களைத்தாங்க! கொஞ்சம் திரும்பிப் படுங்களேன்."

குறட்டை நிற்கவில்லை.

ஐந்து மணிக்கு அவர் தலையணையையும் போர்வையையும் கூடத்து சோபாவுக்கு மாற்றினார்.